அப்பா எடுத்துக்கொண்ட ஆட்டோகிராஃப்

சாரல் காலத்தில் எங்கள் தென்காசி வீட்டில் துண்டுகள் காயவே காயாது; குற்றாலத்தில் குளித்துவிட்டு அப்பாவைப் பார்க்க வருகிறவர்களின் ஈரத்துண்டுகளிலிருந்து வரும் புழுங்கல் வாடையும், அம்மாவின் அடுப்பில் வேகும் உளுந்தஞ்சோற்றின் வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு இலக்கியத்தின் மணம். அப்பா கல்லூரியில் தமிழ் வாத்தியார், வெளியுலகத்துக்கு விமர்சகர். "சீசன்" தொடங்கினால் கவிஞர்களும் பேராசிரியர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் வந்து இறங்குவார்கள். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, யாருடைய எழுத்து தேறும், யாருடையது தேறாது என்று பொழுது சாயும்வரை பேசுவார்கள்.

பச்சை அட்டை போட்ட அந்த ஆட்டோகிராஃப் புத்தகத்தை நான் வாங்கியது அவர்களுக்காக அல்ல. பத்தாம் வகுப்பு முடியும்போது பள்ளித் தோழிகளுக்காக வாங்கினேன். கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து ஐந்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்த மைமூன், நெசவுக்காரர் மகள், முதல் பக்கத்தில் எழுதினாள்:

"சேர்ந்து படிச்ச நாளெல்லாம் சீக்கிரம் போச்சே தோழி,
ஊர்விட்டு ஊர் போனாலும் உன்னை மறவேன் தோழி."

மற்றவர்கள் எழுதுவதற்குள் பள்ளி மூடிவிட்டது.

அந்த ஆண்டு சீசனில், "தாளு நல்லா இருக்கே" என்று அப்பா அதை எடுத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லாரும் அதில் எழுதினார்கள். நட்பைப் பற்றியும் சிந்தனையைப் பற்றியும் அப்பாவின் நேர்மையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். என் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா கையில் இருந்துவிட்டால் அப்பாவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் திருத்தித்தான் மேசையில் வைப்பார். "இவுகள விட்டா கோயில் கல்வெட்டையும் திருத்திருவாக" என்று அம்மா சொல்வாள். அப்படித்தான் மைமூனின் பாட்டுக்குக் கீழேயும் எழுதிவிட்டார்: "எதுகை சரி. உணர்ச்சி இரவல்."

மைமூனுக்குப் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிட்டார்கள். பத்திரிகை கொடுக்க அவள் தன் உம்மாவோடு வந்த அன்று கூடம் நிறைய ஆட்கள். நான் தடுப்பதற்குள் மேசைமேல் கிடந்த புத்தகத்தை ஆசையாகத் திறந்துவிட்டாள். சிவப்பு மையில் இருந்ததைப் படித்தாள். பிறகு, "ஏட்டி, நான் எதையும் பாத்து எழுதலையே. ராத்திரி முழுக்க நானே யோசிச்சு எழுதுனதுல்லா?" என்றாள், என்னைப் பார்த்து.

அப்பாதான் பதில் சொன்னார். "யாரு எழுதுனாலும் குறையிருந்தா சொல்லணும்லாம்மா." கூடத்தில் யாரோ சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மைமூன் அந்தத் தாளை மெதுவாகக் கிழித்து, நாலாக மடித்து எடுத்துக்கொண்டு, உம்மாவுடன் படியிறங்கிப் போனாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போக எனக்கு முகமில்லை.

அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது, பச்சைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் வரவில்லை. சீசனுக்கு வந்தார்கள், குளித்தார்கள், குற்றாலத்தோடு திரும்பிப் போனார்கள். அவர்களுடைய புத்தகங்களுக்கும் அப்பா சிவப்புப் பேனா எடுத்திருந்தார் அல்லவா. அப்போது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது என்பதை மறைப்பானேன்.

இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, எழுதியவர்களிலும் அநேகமாக யாரும் இல்லை. போன மாதம் அப்பாவைப் பற்றி ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி வந்தாள்; பச்சைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். "சாரோட நண்பர் வட்டமே இதுல இருக்கு மேடம்" என்று ஒவ்வொரு பக்கமாகப் போனில் படமெடுத்தாள்.

"முதல் பக்கம் கிழிஞ்சிருக்கே, முக்கியமானவங்க யாராச்சும் எழுதுனதா?"

"இல்லம்மா, முக்கியமானவங்க யாருமில்ல" என்றேன்.

அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். அன்று கூடத்தில் வாய் திறக்காமல் நின்றது அப்பாவுக்குப் பயந்து என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். இப்போது பயப்படுவதற்கு வீட்டில் யாருமே இல்லை.