ரெண்டு மார்க் நடிகருக்கு ஒரு சொம்பு தண்ணீர்

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு வீட்டில் நடந்தது இது. சினிமாப் படப்பிடிப்புக்கு இரண்டு நாள் வீடு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். சரியென்று சொல்வதற்கு முன்னால் நான் கேட்ட ஒரே கேள்வி, "யாருங்க நடிக்கிறாங்க?" என்பதுதான். எனக்குச் சினிமாப் பைத்தியம் அப்படி.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். உடுமலைக்கு எந்தப் படம் வந்தாலும் முதல் வாரத்திலேயே பார்த்தாக வேண்டும். பெரிய படம் என்றால் கோயம்புத்தூருக்கே கிளம்பிவிடுவேன். வீடு திரும்பியதும் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என் வாய்ஸ் மெசேஜ் போய்விடும். கதைக்கு மார்க் கிடையாது, பாட்டுக்கு மார்க் கிடையாது. நடிப்புக்கு மட்டும் பத்துக்கு இத்தனை என்று போடுவேன். பெருந்துறையில் இருக்கும் என் நாத்தனார் நான் மார்க் போட்ட பிறகுதான் டிக்கெட்டே எடுப்பார். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு நடிப்பு என்றால் பிழியப் பிழிய நடிக்க வேண்டும். ஒரு குடும்பப் படத்தில் அண்ணனாக வரும் கதாநாயகன், தங்கையின் கல்யாணப் பந்தலில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுவார். ஐந்து முறை பார்த்தேன், ஐந்து முறையும் முந்தானை நனைந்தது. அவருக்குப் பத்துக்குப் பத்து. இன்னொரு படத்தில் கதாநாயகி கண்ணை உருட்டி உதட்டைக் கடித்து, ஒரே நொடியில் கோபம், அழுகை, ஆசை எல்லாம் காட்டுவார். அவருக்கு ஒன்பது. ஆனால் அப்பா வேஷத்திலேயே வருகிற ஒரு நடிகர் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஓடின படங்களில் பாதிக்குப் பாதி அவர் இருப்பார். வருவார், நிற்பார், ரெண்டு வார்த்தை பேசுவார், போய்விடுவார். "சும்மா நின்னுபோட்டுப் போறதுக்கு எதுக்குங்க சம்பளம்?" என்று மெசேஜில் கேட்டு, எல்லாப் படத்திலும் அவருக்கு ரெண்டு மார்க்தான் போட்டு வந்தேன்.

நான் கேட்டபோது கதாநாயகன், கதாநாயகி பெயரை மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். படப்பிடிப்பு வேன் எங்கள் வாசலில் வந்து நின்றதும் முதலில் இறங்கியவர் அவர்தான்.

என்னை வம்பில் மாட்டிவிடுவது என்றால் என் வீட்டுக்காரருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. காபி கொடுத்துக்கொண்டு நிற்கும்போதே போட்டுக்கொடுத்துவிட்டார்.

"ஏனுங்க சார், எங்க அம்மணி உங்களுக்கு எப்பவும் ரெண்டு மார்க்குதானுங்க போடும்."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்லம்மா, முட்டை போடலையே" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

இரண்டாம் நாள் எடுக்க வேண்டிய காட்சி இது: மகள் சொல்பேச்சு கேட்காமல் காதல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். மூன்று வருஷம் வீம்பாக இருந்த அப்பா, முதல் முறையாக அவள் புகுந்த வீட்டு வாசலுக்கு வருகிறார். மாப்பிள்ளையின் பெரியம்மா வெளியே வந்து ஒரு சொம்பு தண்ணீர் நீட்டுகிறாள். அவர் வாங்கிக் குடிக்கிறார். எங்கள் பக்கத்தில் பகை என்றால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் பகை தீர்ந்தது. மொத்தப் படமும் அந்த ஒரு சொம்புத் தண்ணீரில்தான் முடிந்தது.

பெரியம்மாவாக வர வேண்டிய நடிகைக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். டைரக்டர் சின்ன வயசுக்காரர், கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தார். "அம்மா, உங்க வீடு, உங்க சொம்பு. நீங்களே குடுத்துடுறீங்களா? 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அதுக்கென்னங்க, குடுத்துப்போடலாம்" என்றேன். யோசிக்கவே இல்லை. தினம் பத்துப் பேருக்குச் செய்கிற காரியம். விஷயம் தெரிந்து சொந்தபந்தம் முழுக்கத் தோப்பு கேட்டருகே கூடிவிட்டது. நாத்தனார் பெருந்துறையிலிருந்து காரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் முறை கேமராவைப் பார்த்துவிட்டேன். இரண்டாம் முறை "வாங்க" என்றது என் குரலே இல்லை, டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர் குரல். மூன்றாம் முறை அந்த ஒன்பது மார்க் கதாநாயகியை நினைத்துக்கொண்டு கண்ணை உருட்டி உதட்டைக் கடித்தேன். டைரக்டர் மெதுவாக, "அம்மா, பல் வலிக்குதா?" என்று கேட்டார். கேட்டருகே சிரிப்புச் சத்தம். நான்காம் முறை தண்ணீரை அந்த நடிகர் சட்டையிலேயே கொட்டிவிட்டேன். சட்டையைக் கழற்றி, இஸ்திரி போட்டுக் காய வைத்தார்கள். என் வீட்டு வாசலில், என் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகும் முடிந்தபாடில்லை. ஒவ்வொரு முறையும் அவர் தோப்புப் பாதையின் கோடியிலிருந்து அந்த வெயிலில் நடந்து வருவார். சொம்பை வாங்கித் தொண்டை ஏறி இறங்க நிஜமாகவே குடிப்பார். "சார், வாயில வச்சா போதும், குடிக்கணும்னு இல்ல" என்று உதவி டைரக்டர் சொன்னார். "வேண்டாம்பா, தொண்டை காட்டிக்கொடுத்துடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாதையின் கோடிக்கு நடந்தார். ஒரு தடவைகூட என்மேல் எரிந்து விழவில்லை. எட்டு முறை குடித்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் கூசியது.

வெயில் இறங்கத் தொடங்கியது. சாயங்காலம் அவர் கோயம்புத்தூரில் விமானம் ஏற வேண்டும். உதவி டைரக்டர் பொறுமை இழந்து, "தண்ணியே வேண்டாம் சார், அவர் நேரா உள்ள போயிடட்டும்" என்றார். டைரக்டரும் தலையாட்டிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. என் மானம் போனால் போகட்டும். மூன்று வருஷப் பகை முடிந்து வருகிற மனிதனுக்குத் தண்ணீர் நீட்டாத வீடு எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது? தப்பை எல்லாம் நான் செய்துவிட்டு, என்னால் அந்தச் சொம்பு படத்தை விட்டே போவதா?

"தண்ணி இல்லாம எடுக்காதீங்க. ஒரே ஒருக்கா நில்லுங்க, நான் குடுத்தறேன்" என்றேன். நடிகர் டைரக்டரைப் பார்த்து, "இன்னும் வயித்துல இடம் இருக்கு" என்றார். அதோடு விவாதம் முடிந்தது.

அந்தக் கடைசித் தடவைதான் நான் அவரைப் பார்த்தேன். அதுவரை நான் எப்படி நிற்கிறேன், என் முகம் எப்படி இருக்கிறது என்று என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தென்னை மரங்களுக்கு நடுவே ஒருத்தர் வந்தார். படியருகே நின்றார். உள்ளே போகலாமா, திரும்பிவிடலாமா என்று கால் தயங்கியது. உதடு காய்ந்திருந்தது. எட்டு முறை வயிறு முட்டக் குடித்த மனிதர், ஒன்பதாம் முறை தாகத்தோடு நின்றார். கண் சொம்பைப் பார்த்தது. கேட்க வாய் வரவில்லை. பெண்ணைப் பெற்றவரின் வீம்பு அந்த நிற்பிலேயே உடைந்துகொண்டிருந்தது.

எனக்குக் கேமரா மறந்துபோனது. கேட்டருகே நின்ற கூட்டம் மறந்துபோனது. "வாங்ணா. இந்த வெயில்ல நடந்தே வந்தீங்களா? மொதல்ல தண்ணி குடிங்க" என்று இரண்டு கையாலும் சொம்பை நீட்டினேன். அவர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தபோது கண் நிறைந்திருந்தது. என் கண்ணும் நிறைந்திருந்தது.

டைரக்டர் "ஓகே" சொன்னார். அதன் பிறகு லைட்காரர்கள் முதலில் கைதட்டினார்கள், கேட்டருகே விசில் பறந்தது. என் வீட்டுக்காரர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார். நான் அந்த நடிகரிடம் போய், "இன்னுங் கொஞ்சம் தண்ணி வேணுங்களா?" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா தாயே, ஆளை விடுங்க" என்றார். வாசலே சிரித்தது.

படம் வந்ததும் முப்பது பேர் ஒன்றாக உடுமலைத் தியேட்டருக்குப் போனோம். பாக்கிப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கடைசியில் என் வாசல் வந்தது, அவர் வந்தார், நான் வந்தேன். மொத்தம் பத்து நொடி இருக்கும். எங்கள் கூட்டம் விசிலடிக்கும் என்று நினைத்திருந்தேன். ஒருத்தரும் அடிக்கவில்லை. தியேட்டரே சத்தமில்லாமல் அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்சீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "இந்தம்மா நடிகையே இல்லீங்க. அந்த ஊட்டுக்காரங்களே வந்து குடுக்கறாங்க, பாருங்க."

'நான்தானுங்க அது' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அப்படியே முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு பேச்சுக்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அன்று ராத்திரி வழக்கம்போல் குரூப்பில் மெசேஜ் போட்டேன். "அப்பாவா வந்தவருக்குப் பத்துக்குப் பத்து. பழைய ரெண்டு மார்க்கு எல்லாத்தையும் அழிச்சுப்போடுங்க." உடனே நாத்தனாரிடமிருந்து கேள்வி வந்தது: "அதெல்லாஞ் செரி, உனக்கு எத்தனை அம்மணி?"

"எனக்கெதுக்குங்க மார்க்கு? நான் சும்மா நின்னு தண்ணி குடுத்தேன், அவ்வளவுதான்" என்று பதில் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையோடு ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் படம் பார்க்கிறேன், மார்க்கும் போடுகிறேன். ஆனால் திரையில் கதாநாயகன் அழுது புரளும்போது, அவருக்குப் பின்னால் சும்மா நிற்கிறவர் யார் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.