சணல் கட்டும் ஐம்பத்தேழு நிமிடமும்

என் உயரம் ஆறடி ஒரு அங்குலம். எழுபத்து மூன்று வயதில் முக்கால் அங்குலம் குறைந்திருக்கலாம். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை என்னைத் தேடிச் சாத்தூருக்கு வந்தது அந்த உயரத்துக்காகத்தான். ஆண்டு விழாவில் ஒரு நாடகம். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய பயணி மயங்கிக் கிடக்கிறான். குட்டி மனிதர்கள் வந்து அவனைக் கட்டிப்போடுகிறார்கள். அவர்களுடைய ராணி மூன்று நிபந்தனை போட்டு விடுவிக்கிறாள். குட்டி மனிதர்களுக்கு இரண்டாம் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பயணிக்குத்தான் ஆள் இல்லை.

"நீங்க சும்மா படுத்துக் கிடந்தாப் போதும் சார்" என்றார்.

சும்மா படுத்துக் கிடப்பதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போயாக வேண்டும். ஐம்பத்தைந்து வரை தாங்கியிருக்கிறேன், அதற்கு மேல் தாங்கியதில்லை. ஒரு நாள் மாத்திரையை நிறுத்தினால் கால் வீங்கும். எவ்வளவு வீங்கும் என்று நூல் பிடித்து அளந்தும் வைத்திருக்கிறேன். ஒத்திகையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். நாடகம் இருபத்திரண்டு நிமிடம். ஒப்புக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நேரம். வேலை இல்லாததால் அம்மாக்கள் எல்லோரும் விழாவுக்கு வந்துவிட்டார்கள். முன்வரிசையில் பதினொரு பேர். அத்தனை பேருக்கும் பேக்கிங்கில் பண்டல் கட்டும் வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டரைக்கு ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, திரைக்குப் பின்னால் பெஞ்சுகளுக்கு நடுவே படுத்தேன். திரைக்கு முன்னால் சிறப்பு விருந்தினர் இருபத்தாறு நிமிடம் பேசினார். இருபத்தாறும் இருபத்திரண்டும் நாற்பத்தெட்டு. இன்னும் இரண்டு நிமிடம் கையில் இருந்தது.

ஒத்திகையில் பழைய சேலைக் கிழிசலால் கட்டினார்கள். பிள்ளைக்கு மூன்று கட்டு, மொத்தம் நாற்பத்திரண்டு. என் உடம்பில் ஒரு சுற்று, பெஞ்சுக் காலில் ஒரு முடிச்சு. நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். கிழிசல் பார்க்க நன்றாக இல்லை என்று விழாவன்று யாரோ கம்பெனிச் சணல் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். திரை விலகியது. முதல் பையன் என் முழங்காலில் கட்ட ஆரம்பித்ததுமே முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"ஏலே, என்னலே பூக் கட்டுற மாதிரி கட்டுற? இறுக்கிக் கட்டுலே!"

"டீச்சர் இப்படித்தாம்மா சொன்னாக."

"டீச்சரு என்னைக்குப் பண்டல் கட்டுனாக? இந்தக் கட்டை லோடுல ஏத்துனா சாத்தூர் தாண்டுமா?"

கூட்டம் சிரித்தது. தன் பிள்ளையின் கட்டு தொளதொளவென்று இருப்பது அடுத்த அம்மாவுக்கும் பொறுக்கவில்லை. மூன்று பேர் மேடையேறி வந்து கட்டிக் காட்டினார்கள், பிள்ளைகளும் அப்படியே கட்டினார்கள். இரண்டு சுற்று, பல்லால் ஒரு இழுப்பு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும் கட்டு அது.

"சார், வலிக்குதா?"

"இல்லைம்மா."

உண்மையிலேயே வலிக்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள். ஆனால் கட்டி முடிக்க ஒத்திகையைவிட ஒன்பது நிமிடம் கூடுதலாகிவிட்டது. கணக்கு ஐம்பத்தேழில் போய் நின்றது.

ராணி ஏழு வயதுப் பெண். தங்கத்தாள் கிரீடம் கண்வரை இறங்கியிருந்தது. மைக்கைப் பிடித்து, "முதல் நிபந்தனை" என்றாள்.

"சம்மதம்" என்றேன்.

"நான் இன்னும் சொல்லவே இல்லை."

"எல்லாத்துக்கும் சம்மதம் தாயி. அவிழ்த்துவிடச் சொல்லு."

"அதைக் கடைசியிலதான் சொல்லணும் சார். மறந்துட்டீகளா?"

மைக்கில் கேட்டதால் மறுபடி சிரிப்பு. மூன்று நிபந்தனையையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். பிறகு கையை உயர்த்தி, அவிழ்த்துவிடக் கட்டளையிட்டாள். பதினான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் நுனியைப் பிடித்து இழுத்தார்கள். நாற்பத்திரண்டு கட்டும் ஒரே நேரத்தில் இறுகின.

தலைமையாசிரியை கத்தரிக்கோலுக்கு ஆள் அனுப்பினார். அது பீரோவில் இருந்தது. பீரோச் சாவி, சிறப்பு விருந்தினரை வழியனுப்பக் காருக்குப் போயிருந்த ஆசிரியையிடம் இருந்தது.

"கத்தரி எதுக்கு? நாங்க போட்டதை எங்களுக்கு அவுக்கத் தெரியாதா?" என்று எட்டு அம்மாக்கள் மேடையில் குத்தவைத்து உட்கார்ந்து கால் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். நகத்தால்தான் அவிழ்த்தார்கள். நான் பின்னோக்கி எண்ணினேன். நாற்பத்தொன்று. நாற்பது. என் இடுப்புப் பக்கம் இருந்தவரிடம் மட்டும், "கொஞ்சம் சீக்கிரம்மா" என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாக அவிழ்த்தார். முப்பது. இருபத்தைந்து.

பத்தொன்பதில் என்னால் முடியாமல் போனது.

சாம்பல் நிறப் பேண்ட். ஈரம் முதலில் ஒரு ரூபாய் அளவுக்கும் பிறகு உள்ளங்கை அளவுக்கும் தெரிந்தது. மண்டபத்தில் இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். முதலில் கண்டது இடுப்புப் பக்கம் இருந்த அந்த அம்மாதான். எழுந்து, மேடை ஓரத்தில் பிள்ளைகளுக்காக வைத்திருந்த குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். "பாவம், சாருக்கு நாக்கு வறண்டுருக்கும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்து, தடுமாறியவர்போல் முழுக் குடத்தையும் என் இடுப்பில் கவிழ்த்தார்.

"ஏம்மா, கண்ணு தெரியலையா? பெரியவர் மேலயா ஊத்துவ? பிள்ளைகளுக்கு இருந்ததே அந்த ஒரு குடம்தான்!" தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"கை வழுக்கிருச்சு டீச்சர்."

"கைவேலை செய்யுறவளுக்குக் கை வழுக்குமா?" என்றார் பக்கத்திலிருந்த இன்னொரு அம்மா. அதற்கும் சிரித்தார்கள். குடத்தைக் கவிழ்த்தவர் காலிக் குடத்தை ஓரமாக வைத்தார். அந்தத் தண்ணீரிலேயே மறுபடி குத்தவைத்து, என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த முடிச்சைப் பிடித்தார். சணல் ஊறிவிட்டதால் அவிழ்ப்பது இன்னும் கடினமாயிருந்தது.

விழா முடிந்து பஸ் நிறுத்தம்வரை கூட வந்த தலைமையாசிரியை, அந்த அம்மாவைத் திங்கட்கிழமை வரச்சொல்லிக் கண்டிக்கப்போவதாகச் சொன்னார்.

"வேண்டாம்" என்றேன்.

"உங்களுக்குப் பெரிய மனசு சார்."

முப்பத்து நான்கு வருடம் வாத்தியாராக இருந்து, கண்ணில் பட்ட தப்பையெல்லாம் திருத்தியவன். அவர் சொன்னதை மட்டும் திருத்தவில்லை. பஸ்ஸில் ஏழு சீட்டு காலியாக இருந்தது. சாத்தூர்வரை நின்றுகொண்டே வந்தேன்.