தோப்பில் அடுக்கிய மட்டைகள்

வெட்டிய எண்ணெய்ப்பனை மட்டைகளைக் கொளுத்தாமல் மர வரிசைகளுக்கிடையே அடுக்கி மக்கவிட்டால் மண்ணில் கரிமம் சேரும் என்று கல்லூரிப் பட்டிமன்ற மேடையில் பேசினேன். எதிரணியால் மறுக்க முடியவில்லை. சேரப்பணஞ்சேரியில் இருக்கும் எங்கள் சிறு தோப்புக்காக அதே வாதத்தை வீட்டிலும் வைத்தேன், அப்பா இசைந்தார்.

இரண்டு மழைக்காலம் கழிந்ததும் மட்டைகளுக்கடியில் மண் கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. எலிகள் குடியேறின. எலிகளைத் தேடிப் பாம்பும் வந்தது. விடியற்கால ஷிப்டுக்குக் கம்பெனி வேனைப் பிடிக்க அம்மா அந்தத் தோப்பைக் கடந்துதான் போக வேண்டும்.

சென்ற வாரம் தன் காலருகே கண்ணாடி விரியன் நெளிந்ததாக அம்மா சொன்னதும், மட்டைகளைக் கொளுத்த அப்பா கிளம்பினார்.

"வேணாம்ப்பா. மண்ணு இப்பத்தான் தேறிக்கினு வருது."

"தேறட்டும். உங்கம்மாவ கடிச்சா மண்ணா வந்து நிக்கும்?"

அம்மா டிபன் பாக்ஸை மூடினார். "பட்டிமன்றத்த அப்புறம் வச்சிக்குங்க. வேன் போயிடும்."

பாதையோரக் குவியல்களை அன்றே தோப்பின் உள்பக்கம் மாற்றினேன், அப்பா கொளுத்தவில்லை. அன்றிலிருந்து தடியால் தரையைத் தட்டிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நடக்கிறேன். விடுமுறை முடிந்து நான் விடுதிக்குத் திரும்பியபின் யார் நடப்பார் என்று அப்பா கேட்கிறார்.