வால் பக்கத்து இரண்டு பெட்டிகள்

காஞ்சிபுரத்தில் ரேடியோ பழுதானால் கலியாணசுந்தரத்திடம் கொண்டுபோவார்கள். கொண்டுபோகப் பயப்படவும் செய்வார்கள். வேலை சுத்தம், வாய்தான் மோசம். பெட்டியைத் திறந்ததும் அது எப்படிக் கெட்டது என்பதோடு, யார் கெடுத்தார்கள் என்பதையும் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு பட்டுக்கடை முதலாளி கொண்டுவந்த ரேடியோவுக்குள் பாயசம் காய்ந்து கிடந்தது.

"உங்க வூட்டம்மா பாயசத்த மேல வெச்சிக்கினு பாட்டு கேட்டுருக்காங்கோ. ரேடியோ இன்னா பண்ணும்?" என்றார்.

முதலாளி அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. பக்கத்துச் சைக்கிள் கடை என்னுடையது. என் பம்ப்பில் ஏன் காற்று நிற்பதில்லை என்பதை என் வாடிக்கையாளர் முன்னாலேயே விளக்கியவர் அவர். ஆகவே நான் அவரைத் தூக்கிவைத்து எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு விமானப் பைத்தியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கடையில் தானே ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பொம்மை விமானம் என்று சொன்னால் கோபம் வரும். இறக்கையை விரித்தால் கடைக்குள் அடங்காது, பாதி தெருவில் நிற்கும். மூங்கிலும் லேசான பலகையும் சேர்த்த கூடு, அதன்மேல் வெறும் பட்டுத்துணி. மூக்கில் முசரவாக்கத்தில் யாரோ கழித்துப் போட்ட பூச்சிமருந்து மெஷினின் இன்ஜின். கீழே நின்று ரேடியோ மூலம் ஓட்ட வேண்டும். அதற்கான கருவியை அவர் மனைவி கங்கையம்மாளின் தம்பி தனசேகரன் கப்பல் வேலையில் இருந்தபோது சிங்கப்பூரில் வாங்கி வந்தான். அதோடு நான்கு சர்வோக்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிகள். உள்ளே குட்டி மோட்டார், வெளியே ஒரு சின்னக் கை. நாம் கீழே குச்சியை அசைத்தால் அந்தக் கை மேலே அசையும். அது கெட்டால் வேறு வாங்க வழியில்லை. தனசேகரன் அதற்குள் கப்பலை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு ஊரோடு வந்துவிட்டான்.

விமானத்தைத் திருப்புவது வாலில் நிற்கும் சுக்கான். இத்தனை பெரிய சுக்கானை ஒரு சர்வோ தாங்காது என்று இரண்டை, பக்கத்துக்கு ஒன்றாக, வாலிலேயே வெளியே தெரியும்படி பொருத்தினார். அதற்கு எந்த இரண்டு என்பதில்தான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். மளிகைக்கடைப் படிக்கல்லை ஒவ்வொன்றின் கையிலும் தொங்கவிட்டுத் தூக்க வைத்தார். நான்கில் ஒன்று மற்றவற்றைவிட வெடுக்கென்று தூக்கியது.

"அத்தயே போடலாமே, பலமா இருக்குதே" என்றேன்.

"பலம் இன்னாத்துக்குப்பா? ரெண்டும் ஒத்துப்போவணும். ஒண்ணு முந்திக்கினா இன்னொண்ணு அத்தப் புடிச்சி இழுக்கும். ரெண்டும் மல்லுக்கட்டியே பேட்டரியத் தின்னுடும். பேட்டரி போச்சுன்னா மேல போனது நம்ம பேச்சக் கேக்காது."

மந்தமாக, ஆனால் ஒரே மாதிரி தூக்கிய இரண்டுதான் வாலுக்குப் போயின. பிறகு சர்வோவின் கையைச் சுக்கானோடு இணைக்கும் கம்பியின் திருகை இம்மி இம்மியாகத் திருப்புவார், வாலில் காதை வைத்துக் கேட்பார். சும்மா நிற்கும்போது முனகினால் சண்டை. மறுபடி திருகு. ஒருநாள் இரண்டும் வாயடைத்து நின்றன. மனிதர் என்னைக் கூப்பிட்டு அந்த மௌனத்தைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அது எழுபத்தெட்டாம் வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். விஜயதசமியில் பறக்கவிடுவது என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் ஆயுத பூஜையில் வைத்த பொருளை மறுநாள் நல்ல நேரம் வரும்வரை யாரும் தொடுவதில்லை. பூஜையன்று கங்கையம்மாள் கழுவித் துடைத்த கடையில் சந்தனக் கிண்ணத்தோடு நுழைந்தாள். மீட்டர், ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். விமானத்துக்கு மட்டும் தாராளமாகவே வைத்தாள். மூக்கில், இறக்கையில், வாலில். புருஷன் இத்தனை நாள் கொஞ்சிய அந்த இரண்டு பெட்டிகளுக்கும் பார்த்துப் பார்த்து வைத்தாள். தம்பி கொடுத்த பொருள் வேறு.

மறுநாள் முசரவாக்கம் ஏரிக்குள் பாதி ஊர் திரண்டது. மழை இன்னும் இறங்காததால் ஏரி காய்ந்து கிடந்தது. இன்ஜின் கயிற்றை நான்தான் இழுத்தேன். சண்டித்தனம் செய்துவிட்டுத்தான் கிளம்பியது. கடையில் சோதிக்கும்போதெல்லாம் வாலில் காது வைத்துக் கேட்பது அவர் வழக்கம். அன்றைக்கும் கேட்பதற்காக இன்ஜினை நிறுத்தப் போனார்.

"நல்ல நேரம் போவுதுங்க. நிறுத்தினா மறுபடி எப்பக் கெளம்புமோ" என்றாள் கங்கையம்மாள்.

குச்சியை அசைத்துப் பார்த்தார். சுக்கான் இரண்டு பக்கமும் திரும்பியது. சரி என்று விட்டார்.

ஓடியது, எழும்பியது. பனைமரங்களுக்கு மேல் போய் அழகாகத் திரும்பி எங்கள் தலைக்கு மேல் வந்தது. கங்கையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அடுத்த சுற்றில் திரும்பிய சுக்கான் திரும்பியபடியே நின்றுவிட்டது. விமானம் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி இறங்கியது. குச்சியை எப்படித் தள்ளியும் கேட்கவில்லை. ஏரிக்கரையில் மோதி, பட்டும் மூங்கிலுமாகச் சிதறியது.

சிதறியதைக் கோணியில் அள்ளிக்கொண்டு வந்தோம். முன்பக்கச் சர்வோக்கள் இரண்டும் நசுங்கிப்போயிருந்தன. வால் மட்டும் முழுசாக இருந்தது. கடையில் வைத்து முதல் பெட்டியைத் திறந்தார், சுத்தம். இரண்டாவதன் கை அசையவில்லை. அந்தக் கையின் அடியில், அச்சு உள்ளே போகும் இடுக்கு முழுக்கச் சந்தனம் இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது. அது இழுத்துப் பிடிக்க, மற்றது மல்லுக்கட்டிப் பேட்டரியைத் தின்றிருந்தது. அவர் அதை நகத்தால் சுரண்டி முகர்ந்துகூடப் பார்த்தார். இப்போது ஊரைக் கூட்டப் போகிறார் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து கங்கையம்மாள் காப்பியோடு வந்து நின்றாள். அழுதிருந்தாள்.

"இன்னாங்க ஆச்சு?"

அவர் பெட்டியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"காத்தும்மா. மேல காத்து ஜாஸ்தி. யாரு இன்னா பண்ண முடியும்?"

அவள் போனதும் என்னைப் பார்த்தார். "வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்" என்றார்.

நான் திறக்கவில்லை. எல்லோரிடமும் காற்று என்றே சொன்னார். அன்று காற்றே இல்லை என்று ஏரியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். மற்றபடி அவர் வாய் கொஞ்சமும் குறையவில்லை. அடுத்த வாரமே என் மச்சான் ரேடியோவை அவனே கெடுத்ததாக நிரூபித்தார்.

மறுவருஷம் ஆயுத பூஜை வந்தது. கங்கையம்மாள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். நான் கொண்டுபோய் வைத்த பம்ப்புக்குக்கூட வைத்தாள். மூலையில் அந்த வாலும் இரண்டு பெட்டிகளும் இருந்தன. அவற்றின் முன் வந்ததும் அவள் கை நின்றது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகரப் பார்த்தாள். காற்று என்ற பேச்சை அவள் ஒருநாளும் நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது.

எழுந்து வந்தார். அவள் கையிலிருந்த கிண்ணத்தில் விரலை விட்டு, கொழகொழவென்று எடுத்து, இரண்டாவது பெட்டியின் கை மேலேயே சந்தனத்தை அப்பினார்.

"குங்குமத்த நீ வெய்யி" என்றார்.

அவள் வைத்தாள்.