பன்னிரண்டு வார்த்தைகளும் ஒரு பதிவேடும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம், அடையாறில் என் அக்காவின் ஃப்ளாட்டில் தொடங்கியது இது. நான் மயிலாப்பூர்வாசி. வங்கியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, கடைசிப் பதினான்கு வருடங்களை ஆய்வுப் பிரிவில் கழித்து ஓய்வு பெற்றவன். ஆய்வுப் பிரிவு என்றால் கிளை கிளையாகப் போய், மற்றவர்கள் செய்த தவறுகளைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது. அந்த வேலை ஒரு மனிதனை என்ன ஆக்கி வைக்கும் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

அக்கா கணக்கு டீச்சராக இருந்தவள். தனியாக இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பணத்தை வைப்புநிதியில் போட்டுவிட்டு வட்டி குறைகிறதே என்று புலம்புகிறவர்கள். அவள் மட்டும் எட்டு வருடம் முன்பு டியூஷன் பணத்தில் கொஞ்சம் கிரிப்டோ நாணயம் வாங்கினாள். அதன் அபாயங்களை நான் ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “முடிச்சுட்டியா? காபி ஆறிண்டிருக்கு” என்றாள்.

நாணயங்களை வைத்துக்கொள்ள அவள் செல்போனில் ஒரு வாலட் செயலி இருந்தது. ஓப்பன் சோர்ஸ் வகை. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம். பல ஊர்களில் இருக்கும் சிலர் சம்பளமில்லாமல் அதைப் பராமரிக்கிறார்கள். வாலட்டைத் தொடங்கும்போது பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைக் கொடுப்பார்கள். போன் தொலைந்தாலும் அந்த வார்த்தைகளைப் புதிய போனில் அடித்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். வார்த்தைகள் தொலைந்தால் எல்லாம் போய்விடும். மேல்முறையீடு கிடையாது.

அக்கா அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்தாள். “நீ பாங்க்காரன். பத்திரமா வச்சுக்கோ” என்றாள். நான் அவற்றை ஒரு பதிவேட்டில் ஒழுங்காகப் படியெடுத்தேன். ரகசிய ஆவணம் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பதால் அவள் எழுதிய காகிதத்தை எரித்தேன். எரித்த தேதியையும் குறித்து வைத்தேன்.

அந்தச் சித்திரையில் அவளுடைய பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதென்று முடிவாயிற்று. அடுத்த மாதக் கடைசிக்குள் ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு தொகை கட்ட வேண்டும். முடியாதவர்கள் பங்கை விற்றுவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். அக்கா வாலட்டில் இருப்பதை விற்றுக் கட்டிவிடலாம் என்று நிம்மதியாக இருந்தாள். அதே வாரம் அவள் போன் வாளித் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டது.

புதிய போன் வாங்கி, அதே வாலட்டை நிறுவினோம். ரகசியம் என்பதால் அக்காவையே பக்கத்தில் வர விடாமல், பதிவேட்டைப் பார்த்துப் பன்னிரண்டு வார்த்தைகளையும் நானே அடித்தேன். ‘வார்த்தைகள் பொருந்தவில்லை’ என்றது. நான்கு முறை அடித்தேன். நான்கு முறையும் அதையே சொன்னது.

மென்பொருளில் கோளாறு என்று முடிவுகட்டி, அந்த வாலட்டின் பொதுப் பக்கத்தில் ஒரு புகார் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்புகள், கீழே இடம், தேதி எல்லாம் முறைப்படி. பொறுப்பு அதிகாரி யார் என்றும் கேட்டிருந்தேன்.

பத்து நிமிடத்தில் ஒருவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, புகார் எண் கொடுத்து, ஒரு படிவத்தையும் இணைத்திருந்தார். கட்டம் போட்ட படிவம். அடியில் அலுவலக உபயோகத்திற்கு என்று தனி இடமே விட்டிருந்தது. இந்த உலகத்திலும் நடைமுறை தெரிந்த ஒருவர் இருக்கிறாரே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு வார்த்தைகளுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். ஏழு நிரப்பிவிட்டேன். அப்போது பொதுப் பக்கத்தில் இன்னொரு பதில் வந்தது. ‘சார், மயிலாப்பூரா? நான் கோடம்பாக்கம். அந்த வார்த்தைங்கள யார் கேட்டாலும் குடுக்காதீங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க.’

எண் இல்லை, பதவி இல்லை, மதிப்பிற்குரிய என்பதும் இல்லை. இவர்தான் மோசடிப் பேர்வழி என்று நினைத்தேன். ஒருவர் கேட்கிறார், மற்றவர் கொடுக்காதே என்கிறார் என்ற வித்தியாசம் உறைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. படிவத்தை அழித்தேன்.

கோடம்பாக்கத்துக்காரர் வேலை பார்ப்பது தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில். மதிய இடைவேளையில் வரச் சொன்னார். நான்காம் மாடியில், பட்டுப் பிரிவுக்குப் பின்னால், பில் போடும் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சின்ன அறை. நாற்பது வயதுப் பெண் ஒருவர் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஓர் ஆணை எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

“உக்காருங்க சார். படி ஏறியா வந்தீங்க? லிப்டு இன்னா ஆச்சு?”

“லிஃப்ட்ல ஒரு கல்யாணமே ஏறிண்டிருந்தது” என்றேன்.

சிரித்தார். இந்த வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சமையல் முடித்த பிறகு கிடைக்கும் நேரத்தில் அந்த வாலட்டுக்கு நிரல் எழுதுகிறார். இழந்த வாலட்டை மீட்கும் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. எதற்காக என்று கேட்டேன். “யாராச்சும் பாக்கணும் இல்ல சார்” என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“வார்த்தைங்க எந்த வரிசையில குடுத்தாங்களோ, அதே வரிசையில போட்டீங்களா?”

“ரெஜிஸ்டர்ல இருக்கற வரிசை ஒண்ணுகூட மாறலை. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ம்மா” என்றேன்.

“அப்போ எங்க பக்கம்தான் ஏதோ தப்பு கீது. டைம் குடுங்க, பாக்குறேன்.”

அன்று சாயங்காலம் மயிலாப்பூர் திரும்பியதும், அவர் கேட்டாரே என்று பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முதல் வார்த்தை ஆங்கில ‘ஏ’யில் தொடங்கியது. கடைசி வார்த்தை ‘டபிள்யூ’வில். நடுவில் இருந்தவை எல்லாம் சமர்த்தாக வரிசையில் நின்றன.

பட்டியல் என்றால் அகர வரிசைதான். எங்கள் வங்கியில் கையெழுத்து மாதிரி அட்டை முதல் லாக்கர் பதிவேடு வரை அப்படித்தான். தேட வசதி. அதனால் எட்டு வருடம் முன்பு அக்காவின் வார்த்தைகளையும் அகர வரிசையில் அடுக்கி எழுதியிருக்கிறேன். பன்னிரண்டே வார்த்தைகளில் எதைத் தேடுவதாக இருந்தேன் என்று தெரியவில்லை. அவள் எழுதிய வரிசை எரித்த காகிதத்தோடு போய்விட்டது.

அப்போதே அந்தப் பெண்ணுக்கு போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பதினோரு நாள் செய்யவில்லை. இன்னும் சரிபார்க்க வேண்டும், அவசரப்படக் கூடாது என்று எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டேன். தவறு செய்த எத்தனையோ மேனேஜர்கள் என் எதிரில் உட்கார்ந்து இதையேதான் சொன்னார்கள். ஒருவரையும் நான் நம்பியதில்லை.

அவரிடமிருந்து தினமும் மத்தியானம் ஒரு செய்தி வரும். இந்தப் பழைய வடிவத்தில் சோதித்தேன், சரியாக இருக்கிறது. இன்று வேறொன்றில் பார்க்கப் போகிறேன். நான் ‘நன்றி, தொடரவும்’ என்று பதில் போடுவேன். தினமும் காலையில் அக்கா கூப்பிடுவாள். “அந்தப் பொண்ணு என்ன சொல்றா?” என்பாள். “பார்த்துண்டிருக்கா” என்பேன். கோயில் குளத்தைச் சுற்றி நடந்தேன். தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கினேன். எல்லாம் செய்து களைத்துப் போனேன், அந்த ஒன்றைத் தவிர.

பன்னிரண்டாம் நாள் அவரே கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

“சார், புடிச்சிட்டேன். நாலு வருசம் முன்னாடி நான் எழுதுன புரோகிராம்லதான் ஒரு தப்பு. இது என் தப்புன்னு பேர் போட்டு பப்ளிக்ல எழுதிட்டேன். திருத்துன வெர்சன் அனுப்பிக்கீறேன், போட்டுப் பாருங்க. என்னால உங்க அக்காவுக்கு வீணா அலைச்சல். மன்னிச்சிக்க சொல்லுங்க சார்.”

அந்தப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவர் பேர், கோளாறு இருந்த வரி, அது எப்படி வந்தது என்ற விளக்கம், எல்லாம் ஊர் பார்க்க இருந்தன. அது உண்மையான தவறுதான். ஆனால் அக்காவின் வாலட் திறக்காததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருத்திய வடிவத்தில் அடித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை என்றது. அது சொல்லாமலே எனக்குத் தெரியும்.

மறுநாள் நான்கு மாடியும் ஏறிப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அகர வரிசையிலயா? பிளவுஸ் பிட்டு அடுக்குற மாதிரியா?”

“ஆமாம்மா.”

“எப்போலேர்ந்து தெரியும்?”

“அன்னிக்கு சாயங்காலமே.”

“ரெண்டு ஞாயித்துக்கெழம சார்” என்றார். “பழைய வெர்சன் ஒவ்வொண்ணா ஓட்டிக்கினு கெடந்தேன். எம் பொண்ணு பர்த்டேக்கு பீச்சுக்குக்கூட கூட்டிக்கினு போல.”

பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“டீச்சரம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்லை.”

“மொதல்ல அங்க சொல்லுங்க. மத்தது நான் பாத்துக்குறேன்.”

அடையாறுக்கு ஆட்டோவில் போனேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“ஏண்டா அப்படி எழுதினே?” என்றாள். “தேட வசதிக்கு” என்றேன்.

“நான் எழுதினதை வேற எரிச்சுட்டியா?”

“எரிச்ச தேதி இருக்கு” என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை.

“பாங்க்ல இப்படி ஒருத்தன் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி எழுதியிருப்பேன்.”

“நன்னா இருக்கு” என்று உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். பென்சிலும் பழைய காலண்டர் தாளுமாகத் திரும்பி வந்தாள். மளமளவென்று பெருக்கினாள். “பன்னண்டு வார்த்தையை நாப்பத்தேழு கோடியே தொண்ணூறு லட்சத்துச் சொச்சம் விதமா அடுக்கலாம். அதுல ஒண்ணு சரி. இது முடியற கணக்குதான். அந்தப் பொண்ணைக் கூப்பிடு.”

தன் வார விடுமுறை நாளில் அந்தப் பெண் அடையாறுக்கு வந்தார். வார்த்தைகளை எல்லா வரிசையிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் ஒரு நிரலை எழுதிக்கொண்டு வந்திருந்தார். எது சரி என்று ஒப்பிட, அக்கா நாணயம் வாங்கியபோது அச்சடித்த ரசீதில், வங்கிக் கணக்கு எண் மாதிரி, அவள் வாலட்டின் முகவரி இருந்தது. வார்த்தைகள் சரியான வரிசையில் விழுந்தால் மட்டுமே அந்த முகவரி வரும். நல்லவேளை, அதை அவள் என்னிடம் கொடுத்து வைக்கவில்லை. அக்காவின் கணினியில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, “இப்போ வார்த்தைங்கள அடிங்க சார்” என்று சொல்லி, பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அடித்து முடித்துவிட்டேன் என்று நான் சொல்லும் வரை திரும்பவில்லை. இந்த முறை அக்காவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

“நாளைக்கோ மக்யா நாளோ ஆவும். நடுவுல ஆஃப் பண்ணிடாதீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். மாதக் கடைசிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நான் அங்கேயே தங்கிவிட்டேன். அக்கா என்னோடு அதிகம் பேசவில்லை. கரண்ட் போகக் கூடாதே என்று மட்டும் அடிக்கடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம். அக்கா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கணினியின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. எழுந்து போய்ப் பார்த்தோம். திரையில் பன்னிரண்டு வார்த்தைகள், என் பதிவேட்டு ஒழுங்கைக் கலைத்துக்கொண்டு தங்கள் சொந்த வரிசையில் நின்றன. அக்கா முதல் மூன்றைப் படித்தாள்.

“இதான். இப்படித்தான் எழுதினேன்” என்றாள். பிறகு, “சாதம் காயறது, வா” என்றாள்.

கெடுவுக்குள் பணம் கட்டிவிட்டாள். புதிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறாள். அந்த வார்த்தைகளை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

நன்றி சொல்லப் போனபோது, என்ன தர வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “ஒண்ணும் வேணாம். நீங்க பண்ணத அந்தப் பக்கத்துல எழுதுங்க சார். அடுத்த ஆளுக்கு யூஸ் ஆவும்” என்றார். ‘நடைமுறைக் குறைபாட்டினால் வரிசை மாறியிருந்தது’ என்று எழுதினேன். உடனே கீழே அவர் கேள்வி வந்தது. ‘யாரு மாத்துனது சார்?’ நான் எழுதியதை அழித்துவிட்டு, நான்தான் மாற்றினேன், தெரிந்த பிறகும் பன்னிரண்டு நாள் மறைத்தேன் என்று எழுதினேன். ஆயிரக்கணக்கான அறிக்கை எழுதிய கைக்கு அந்த இரண்டு வரி எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. சில வாரங்களில் அதற்குக் கீழே, எந்த நாட்டிலோ இருக்கும் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் ‘நானும்’ என்று எழுதியிருந்தார்.

இப்போது அந்த வாலட்டில் வார்த்தைகள் பொருந்தாவிட்டால், ‘அகர வரிசையில் மாற்றி எழுதிவிட்டீர்களா?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வி என்னால் வந்தது. ஆனால் எனக்குள் நிற்பது அதுவல்ல. ஏதாவது ஒன்றை மழுப்ப வாயெடுக்கும்போதெல்லாம், தன்னால் வராத கஷ்டத்துக்கு என்னிடமே மன்னிப்புக் கேட்ட அந்தக் களைத்த குரல் இன்றும் காதில் விழுகிறது.