சாமந்திக்கு இருட்டு வேண்டும்

ஃபுமியே முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறும் சூப்பும் ஆக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் கண் சொருகிக்கொள்ளும்; புத்தகமாவது ஒன்றாவது! ஓய்வு பெற்ற அன்று தனக்கென்று அவள் வாங்கிய முதல் பொருள் ஒரு மேஜை விளக்கு. அப்புறம் ஊர் நூலகத்தில் அவளுக்கு ஒரு தனி வரவேற்பே உண்டு. இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஒரே தடவையில் ஐந்து புத்தகம் தூக்கிக்கொண்டு வருவாள்.

கணவர் கென்சாகுவுக்கு வேறு பைத்தியம். பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். இப்போது வளர்ப்பது சாமந்தி. நம் தலையளவு பூ, ஒரு தொட்டிக்கு மூன்றே மூன்று, மூன்றும் ஒரே உயரம். நவம்பர் முதல் தேதி கோயில் வளாகத்தில் போட்டி. போன வருஷம் இரண்டாம் பரிசு. அந்த 'இரண்டு' மனிதரை வருஷம் முழுக்க அரித்தது.

சாமந்திக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் இரவு நன்றாக நீண்டதும்தான் மொட்டுக் கட்டும். இருட்டில் வெளிச்சம் பட்டால் இன்னும் கோடைதான் என்று நினைத்து இலையாக விட்டுக்கொண்டே இருக்கும். இது ஃபுமியேவுக்குத் தெரியாததா? அவர் முதல் தொட்டி வைத்த நாளிலிருந்து கேட்ட பாட்டு. தொட்டிகள் இருப்பது பின்பக்கம்; அதனால்தான் எப்போதும் முன்னறையில் படிப்பாள். இந்த வருஷம் ஆகஸ்ட் வெக்கை தாங்கவில்லை. கணவர் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்; இவள் பின்பக்கத்து ஜன்னலோரம் விளக்கை நகர்த்திக்கொண்டாள், காற்றுக்காகத் திரையையும் விலக்கிவிட்டாள். கடற்கொள்ளைக் கூட்டம் ஒன்றின் கதை, ஏழு பாகம்; செப்டம்பர் வந்தும் இடம் மாறவில்லை. ஜன்னலுக்குக் கீழே சாமந்தி இலைகள் வெளிச்சத்தில் பச்சைப்பசேலென்று தெரிவதை அவ்வப்போது ரசிக்கவும் செய்தாள். புத்தி எங்கே போயிற்றோ!

செப்டம்பர் இருபதாம் தேதி காலையில் கென்சாகு தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு வேலியோரம் இருந்த ஆறும் மொட்டுக் கட்டியிருந்தன. ஜன்னலடியில் இருந்த ஆறில் வெறும் இலை. போட்டிக்கென்று பொத்திப் பொத்தி வளர்த்தவை அந்த ஆறுதான்.

"அந்தக் கிழவன் விளக்குதான்!" என்று கத்தினார்.

கிழவன் என்றது பக்கத்து வீட்டு ஓகினோவை. தபால்காரராக இருந்தவர், மனைவியை இழந்தவர், இருபத்தாறு வருஷத்து அண்டைவீட்டுக்காரர். அவருடைய பெர்சிமன் மரத்துக்குப் பழம் தேடி மலையிலிருந்து கரடி இறங்கி வருகிறது என்று, ஆகஸ்டில்தான் பின்படிக்கு மேலே ஒரு விளக்கு மாட்டியிருந்தார்.

"வேலியோரத்துத் தொட்டிக்கு வேலி நிழல் இருக்கு. வெளிச்சம் வேலிக்கு மேல ஏறி நேரா நம்ம ஜன்னலடிக்கு வருது. புரியுதா?" என்றார் கென்சாகு.

ஃபுமியே ஜன்னலோரம் இருந்த தன் மேஜை விளக்கைப் பார்த்தாள். ஓகினோவின் விளக்கு வெளிச்சம் ஒரு நாளும் ஜன்னல்வரை வந்ததில்லை. தினமும் அங்கே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா? சொல்ல வாயெடுப்பதற்குள் மனிதர் வேலியோரம் போய் நின்றுவிட்டார். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

"ஓகினோ! வேணும்னேதான விளக்கு மாட்டினீங்க?"

"கரடிக்குங்க, கென்சாகு-சான். நீங்களும்தான் அன்னிக்குக் காலடித் தடத்தைப் பாத்தீங்களே," என்றார் ஓகினோ, பெயரோடு சேர்க்கும் 'சான்' என்ற மரியாதையை விடாமல்.

"கரடியாம் கரடி! நாலு பேரோட ஒத்துப் போகத் தெரியாத ஆளு. அதான் பெத்த பிள்ளைங்ககூட உங்க வாசப்படி மிதிக்க மாட்டேங்குது!"

ஓகினோவின் முகம் செத்துப்போயிற்று. அவர் கென்சாகுவைப் பார்க்கவில்லை, ஃபுமியேவைத்தான் பார்த்தார். அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"அணைச்சிடறேங்க," என்று தலை தாழ்த்திவிட்டு அவர் உள்ளே போனார்.

அன்றே ஃபுமியே விளக்கை முன்னறைக்குக் கொண்டுபோனாள். நாளைக்குச் சொல்லலாம், கோபம் தணியட்டும், சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம் என்று நாள் ஓடியது. இரண்டு வாரத்தில் அந்த ஆறு தொட்டியிலும் மொட்டுத் தலைகாட்டியது.

"பாத்தியா? விளக்கை அணைச்சதும் வந்துடுச்சு பாரு! நான் சொன்னப்ப நம்பினியா நீ?" என்று கென்சாகு மார்தட்டிக்கொண்டார். தன் விளக்கை நகர்த்தி, அவர் சொன்னதை நன்றாகத்தான் நிரூபித்துக் கொடுத்தாள், போங்கள்! அதற்குமேல் உண்மையைச் சொல்வதற்கு அவளுக்கு வாயே எழவில்லை. ஐந்தாம் பாகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை நான்கு தடவை படித்தாள்.

அக்டோபர் கடைசியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஓகினோ காயப் போட்ட பெர்சிமன் பழத்தை எடுத்து வைக்கப் பின்படியில் இறங்கியிருக்கிறார். விளக்கு இல்லை. கால் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. காலையில் பால் போட வந்தவர்தான் முனகல் கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாராம்.

போட்டியன்று அந்த ஆறு தொட்டியும் பாதிகூட விரியவில்லை. கென்சாகு வேலியோரத்துச் செடிகளைக் கொண்டுபோய் வைத்தார், ஒரு பரிசும் இல்லை. ஃபுமியே கோயிலுக்குப் போகவில்லை. ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலருகே நின்று, பையைக்கூடக் கீழே வைக்காமல் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஓகினோ-சான், உங்க விளக்கு இல்லீங்க. என் விளக்கு. நான்தான் ஜன்னல் பக்கம் உக்காந்து படிச்சேன்."

"தெரியும்மா," என்றார் அவர். "நான் படுக்குற இடத்துலருந்து பாத்தா உங்க ஜன்னல்தான் தெரியும். நீங்க பக்கம் புரட்டுறதுகூடத் தெரியும்."

"அப்போ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். நடைவழி முழுக்க அழுதுகொண்டே வந்தாள், எதிரே வந்த நர்ஸ் என்னவென்று கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

வீட்டில் கென்சாகு திரும்பி வந்த தொட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவள் அங்கேயே, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கையிலிருந்த தொட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். செடியைப் பற்றி ஏதாவது கேட்பார், கத்துவார் என்று காத்திருந்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்குக் காலையிலேயே. நீங்க வேலிக்குப் போறதுக்கு முன்னாடியே."

அவர் வேலிக்கு அப்பால் ஓகினோவின் பின்படியைப் பார்த்தார்.

"பூ போனா போகுது," என்றார் கடைசியில். "அவர் பிள்ளைங்களப் பத்தி நான் அப்படிப் பேசினப்போ, நீ என் பக்கத்துலதான நின்னுக்கிட்டு இருந்த?"

கையில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் கழுவாமல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அவளை வா என்று கூப்பிடவில்லை.