கடைசிக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி

கனிஷாய்க்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. நாரின் மலைப்பக்கத்துச் சின்ன ஊர்ப் பள்ளியில் பதினேழு வருஷமாகக் கணக்கு டீச்சர்; அங்கே டீச்சர்களை ‘எஜே’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை வருஷமும் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நடந்தே தரையைத் தேய்த்திருக்கிறார். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். சாக்பீஸ் டப்பா பட்டு ஒரு ஜன்னல் கண்ணாடியே போயிருக்கிறது. அப்படிப்பட்டவரிடம்தான் ஏழாம் வகுப்பையும் அதில் பெகாயிமையும் ஒப்படைத்திருந்தார்கள். நல்ல பொருத்தம் போங்கள்!

பெகாயிமுக்குப் பதின்மூன்று வயது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், கை நீண்டுவிடும். இன்னொரு அடிதடி நடந்தால் பேரை வெட்டிவிடுவதாகத் தலைமை ஆசிரியை பாத்மா சொல்லிவிட்டார். அடுத்த பள்ளி மினிபஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போனால் அவள் படிப்பு அதோடு சரி.

கனிஷாய் மன்றாடி இரண்டு வாரத் தவணை வாங்கினார். ஓர் அட்டையில் பாடவேளைக்கு ஒரு கட்டம் போட்டார். கோபம் வந்தால் பெகாயிம் கேட்காமலே எழுந்துபோய் வராந்தாவில் தண்ணீர் குடிக்கலாம். சமாளித்தால் வட்டம், அடித்தால் பெருக்கல் குறி. போடுவது அவளேதான்.

முதல் நாள் ஒன்பது தம்ளர் குடித்தாள். “ஒட்டகம் கிளம்பிருச்சுடா!” என்று பின்பெஞ்சு கத்தியது. அதற்கும் சேர்த்து ஒன்று குடித்தாள்.

கடைசி வெள்ளிக்கிழமை கனிஷாய் அட்டையை வாங்கிப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் பெருக்கல் குறி.

“என்னடி இது?”

“கோட்டு மாட்டுற இடத்துல, எஜே. பின்பெஞ்சுப் பையன் ஒருத்தன் என் ஷூ பையைத் தூக்கி எறிஞ்சான். அதாலயே ஒண்ணு வச்சேன்.”

“யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல. அவனும் வெளிய சொல்ல மாட்டான், வெக்கம்.”

“அப்புறம் எதுக்குடி போட்டே?”

“நீங்கதானே என்னையே போடச் சொன்னீங்க?”

கனிஷாய் ரப்பரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அழித்தால் இரண்டு வாரமும் பொய்யாகிவிடும். அட்டையோடு பாத்மாவின் அறைக்குப் போனார்.

“பேச்சுன்னா பேச்சுதான், கனிஷாய். பேரை வெட்டிரலாம்.”

மேஜைமேல் இருந்த பேனாக் கிண்ணத்தை நோக்கிக் கனிஷாயின் கை போனது. சட்டென்று திரும்பி வெளியே நடந்தார். தண்ணீர் டிரம்மருகே பெகாயிம் நின்றுகொண்டிருந்தாள்.

“நீங்களுமா, எஜே?”

கனிஷாய் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு உள்ளே போனார்.

“யாரும் பாக்கலை, எஜே. அவளே போட்டது. ரெண்டு வாரமா நான் சொல்லிக் குடுத்தது இதைத்தான். இதுக்காக அவளை அனுப்பிட்டா, இனி எந்தப் பிள்ளைகிட்டயும் உண்மையை எழுதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது.”

பாத்மா திறந்திருந்த கதவு வழியே வராந்தாவைப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு வெற்று அட்டைகளை எடுத்து நீட்டினார்.

“திங்கக்கிழமைலேர்ந்து அவளுக்கு ஒண்ணு. இன்னொண்ணு உனக்கு.”